துணைவியார் என்று ஒரு வரி

சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் பகுதித் தோழர்கள் சிலர் சேர்ந்து ஒரு நினைவு மலர் கொண்டுவந்தார்கள். மறைந்துபோன பழைய கட்சிக்காரர்கள் ஒவ்வொருவருக்கும் சில பக்கங்கள். என் அய்யாவுக்கு (அப்பாவின் அப்பாவை எங்கள் வீட்டில் அப்படித்தான் கூப்பிடுவோம்) நான்கு பக்கம் கிடைத்திருந்தது. எந்த மாநாட்டுக்குப் போனார், எந்த ஊர்வலத்தில் அடிபட்டார், கட்சி பிரிந்தபோது எந்தப் பக்கம் நின்றார் எல்லாம் இருந்தன. கடைசியில் அப்பாயி பற்றி ஒரு வரி. தோழருக்குத் துணைவியார் எல்லா வகையிலும் துணை நின்றார் என்று. பெயர் இல்லை. மலரைக் கொண்டுவந்து கொடுத்த தோழர் மிகவும் அன்பானவர். அவரிடம் ஒன்றும் சொல்லாமல் வாங்கி வைத்துக்கொண்டேன்.

இப்போது இரண்டாம் பதிப்பு வரப்போகிறதாம். அப்பாயி பற்றி நானே ஒரு பக்கம் எழுதித் தர வேண்டும் என்று கேட்டிருக்கிறார்கள். தமிழ் இலக்கியத்தில் முனைவர் பட்டம் வாங்கி, பெண்ணெழுத்து பற்றி வருடக்கணக்காக வகுப்பெடுத்தவள் உட்கார்ந்து எழுதினேன். மூன்றாவது வாக்கியத்திலேயே ‘துணை நின்றார்’ வந்து விழுந்தது. இந்தக் கட்டுரை அந்த இடத்திலிருந்து தொடங்குகிறது.

சிறிய கட்சிகளின் வரலாறு எப்படி எழுதப்படுகிறது என்று பார்க்க ஐரோப்பாவுக்குப் போனேன். எதிர்பார்த்த இடத்தில் கிடைக்கவில்லை. ஒரு குடும்பத்துக்குள் கிடைத்தது. பிரிட்டிஷ் கம்யூனிஸ்ட் கட்சி 1920-இல் தொடங்கி 1991-இல் தன்னைத்தானே கலைத்துக்கொண்டது. அதன் உச்சமே 1942-இல் ஐம்பத்தாறாயிரம் உறுப்பினர்கள்தான். 1945 தேர்தலில் நாடாளுமன்றத்துக்குப் போனவர்கள் இரண்டே பேர். 1950-இல் அதுவும் போயிற்று. கலைக்கும்போது ஐயாயிரத்துக்கும் குறைவானவர்கள் எஞ்சியிருந்தார்கள். இந்த எண்களை மட்டும் பார்ப்பவர்களுக்கு இதில் எழுத என்ன இருக்கிறது என்று தோன்றும். ஆனால் மோகன் குமாரமங்கலமும் அவர் தங்கை பார்வதியும் (பின்னாளில் கோயம்புத்தூரின் நாடாளுமன்ற உறுப்பினரான பார்வதி கிருஷ்ணன்) கேம்பிரிட்ஜிலும் ஆக்ஸ்ஃபோர்டிலும் படிக்கும்போது இடதுசாரிகளானது இந்தச் சிறிய கட்சியின் மாணவர் வட்டங்களில்தான். நம்மூர்க் கதையின் ஒரு நூல் அங்கேயும் ஓடுகிறது.

வரலாற்றாசிரியர் ராஃபேல் சாமுவேல் அந்தக் கட்சிக்குள்ளேயே வளர்ந்தவர். 1956-இல் வெளியேறினார். முப்பது ஆண்டு கழித்து, கட்சி உள்சண்டையில் சிதறிக்கொண்டிருந்தபோது, ‘நியூ லெஃப்ட் ரிவ்யூ’ இதழில் 1985-க்கும் 1987-க்கும் இடையே மூன்று நீண்ட கட்டுரைகள் எழுதினார். அவர் இறந்து பத்தாண்டு ஆனபின் 2006-இல் அவை ‘பிரிட்டிஷ் கம்யூனிசத்தின் தொலைந்த உலகம்’ என்ற பொருளில் புத்தகமாக வந்தன. தீர்மானங்களை அவர் பெரிதாகக் கண்டுகொள்வதில்லை. ஒரு கட்சிக்காரரின் ஒரு நாள் எப்படிப் போகும், கூட்டத்துக்குக் குறித்த நேரத்தில் வருவது ஏன் அவ்வளவு பெரிய ஒழுக்கமாக இருந்தது, பத்திரிகை விற்பது ஏன் வழிபாட்டைப் போல நடந்தது என்று பார்க்கிறார். கட்சியை ஒரு வாழ்முறையாக, ஏறக்குறைய ஒரு சாதியைப் போல அவர் வாசிக்கிறார் (சாதி என்ற சொல் என்னுடையது, அவர் ஊரில் பிறந்திருந்தால் நானும் வேறு சொல்தான் தேடியிருப்பேன்). அதற்குள்ளேயே கல்யாணம், அதற்குள்ளேயே நட்பு, விலகினால் ஊர்விலக்கு.

அவருடைய தாய் மின்னா கீல். லண்டனில் ராயல் அகாடமியில் இசை படித்து, 1929-இல் படிப்பை நிறுத்திவிட்டுக் குடும்ப வேலைக்குத் திரும்பியவர். 1939-இல் கட்சியில் சேர்ந்தார். ஹங்கேரிக்குப் பிறகு 1957-இல் விலகினார். வேலையிலிருந்து ஓய்வு பெறும் வயதில் மறுபடி இசை எழுதத் தொடங்கினார். 1989-இல், எண்பது வயதில், அவருடைய சிம்ஃபொனி லண்டன் ப்ராம்ஸ் விழாவில் அரங்கேறியது. மகனின் கட்டுரைகள் வெளிவந்து இரண்டு ஆண்டு கழித்து. அந்தத் தேதிகளை நான் ஒரு தாளில் அடுத்தடுத்து எழுதி வைத்திருக்கிறேன். இடையில் இருக்கும் அறுபது ஆண்டில் கட்சிக்கு எவ்வளவு, குடும்பத்துக்கு எவ்வளவு, பிழைப்புக்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல யாராலும் முடியாது. கட்சிதான் அவர் இசையைத் தின்றது என்று எளிதாகச் சொல்லிவிடவும் மாட்டேன். கட்சியில் சேருவதற்குப் பத்து ஆண்டு முன்பே அவர் அதை நிறுத்தியிருந்தார். டோரிஸ் லெஸ்ஸிங்கின் ‘தங்கக் குறிப்பேடு’ நாவலில் அன்னா வுல்ஃப் அரசியலுக்கு ஒரு சிவப்பு நோட்டு, நாட்குறிப்புக்கு ஒரு நீல நோட்டு என்று தனித்தனியாக வைத்துக்கொண்டு அல்லாடுவது இதற்காகத்தான்.

மின்னாவின் தங்கை மிரியம். அவர் கணவர் ஷிமென் ஆப்ராம்ஸ்கி பெரிய நூல் சேகரிப்பாளர். 1958 வரை கட்சியில் இருந்தவர். பேரன் சாஷா ஆப்ராம்ஸ்கி எழுதிய ‘இருபதாயிரம் புத்தகங்களின் வீடு’ 2014-இல் வந்தது. அறை அறையாகப் போகிற புத்தகம். அதில் சமையலறைக்கும் ஓர் அத்தியாயம் உண்டு என்று பார்த்ததும் எனக்கு ஏற்பட்ட சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. மார்க்சின் கையெழுத்துக் கடிதங்களும் அரிய பதிப்புகளும் இருந்த வீட்டில், வருவோர் போவோருக்கெல்லாம் ஓயாமல் உணவு வந்துகொண்டே இருந்தது. மிரியம் அதைச் செய்தார். கூடவே மருத்துவமனையில் மனநலச் சமூகப் பணித் துறையில் பொறுப்பான வேலையும் பார்த்தார்.

இரண்டாம் வாசிப்பில் அந்தச் சந்தோஷம் கொஞ்சம் குறைந்தது. பேரன் அன்போடு எழுதுகிறார். அந்த அன்பில்தான் சிக்கல். பாட்டியின் தாராளம், பாட்டியின் கைமணம் என்று வந்தவுடன் உழைப்பு குணமாகிவிடுகிறது. குணத்துக்கு யாரும் நேரம் கணக்கிடுவதில்லை. தாத்தா சேர்த்தவை இத்தனை ஆயிரம் என்று புத்தகத்தின் தலைப்பிலேயே எண் இருக்கிறது. பாட்டி பரிமாறிய தட்டுகளுக்கு எண் இல்லை. சாஷாவைக் குறை சொல்லி என்ன பயன். சமையலறைக்கு ஓர் அத்தியாயம் ஒதுக்கிய கட்சி வரலாறு எத்தனை இருக்கிறது? ஆனாலும் சொல்ல வேண்டியிருக்கிறது.

பெரிய கட்சிகளுக்குக் கட்டடம் இருக்கும். இத்தாலியில் மக்கள் இல்லங்கள் இருந்தன, கட்சிப் பத்திரிகையின் பெயரில் பெரும் திருவிழாக்கள் நடந்தன, அங்கே சமையலும் கட்சி வேலையாகவே கண்ணுக்குத் தெரிந்தது. சிறிய கட்சிக்கு வீடுதான் அலுவலகம். வீட்டுத் திண்ணைதான் மாநாட்டு மண்டபம். தடை வந்துவிட்டால் அந்த வீடே மறைவிடம். அப்படியானால் வீட்டை நடத்துகிறவள்தான் கட்சியின் அமைப்பாளர். இவ்வளவு நேரடியான விஷயத்தைக் கட்சி வரலாறுகள் கவனிக்காமல் போனதை மறதி என்று நான் நம்பவில்லை. வீடு கட்சிக்கு வெளியே இருக்கிறது என்று நினைத்தால்தான் வீட்டுக்குள் நடப்பதைக் கட்சி கேட்க வேண்டியதில்லை.

எங்கள் மாவட்டத்தில் கட்சி எப்போதும் சிறியது என்றும் சொல்ல முடியாது. ஆர். உமாநாத் 1962-லும் 1967-லும் புதுக்கோட்டைத் தொகுதியிலிருந்து மக்களவைக்குப் போனவர். அந்த இரண்டு தேர்தலுக்கும் நடுவில்தான், 1964-இல், கட்சி இரண்டாயிற்று. உமாநாத் என்றதும் பாப்பா உமாநாத் நினைவு வரும். அவரைச் சொன்னால் அவர் தாய் லட்சுமியைச் சொல்லாமல் இருக்க முடியாது. பொன்மலை ரயில்வே தொழிலாளர் குடியிருப்பில் வளர்ந்தவர் பாப்பா. தடைக்காலத்தில், 1950-இல், தாயும் மகளும் சென்னையில் கைதானார்கள். சிறையில் உண்ணாவிரதம். அதிலேயே தாய் இறந்துபோனார். கட்சியை விட்டுவிட்டதாக எழுதிக் கொடுத்தால் உடலைப் பார்க்கலாம் என்று அதிகாரிகள் சொன்னார்கள். பாப்பா மறுத்தார்.

இந்த நிகழ்ச்சியை மேடைகளில் பலமுறை கேட்டிருக்கிறேன். கேட்கும்போதெல்லாம் உடம்பு சிலிர்க்கும். வயது ஏற ஏற வேறொன்றையும் கேட்கத் தொடங்கினேன். கதை எப்போதும் மகளின் உறுதியைப் பற்றியதாகவே சொல்லப்படுகிறது. தாய் அதில் மகள் கொடுத்த விலையாக வருகிறார். ஆனால் பட்டினி கிடந்தது அவரும்தானே? மகளுக்காகக் கிடந்தாரா, கட்சிக்காகவா, தன் சொந்த முடிவிலா? செத்தவர் தாயாக மட்டும் சாகவில்லை, கோரிக்கையோடு போராடிய ஒரு கைதியாகச் செத்தார். தியாகி என்கிறோம், சரி. அந்தச் சொல்லுக்கு முன்னால் ‘பாப்பாவின் தாயார்’ என்று போடாமல் நம்மால் சொல்ல முடிகிறதா என்று பார்க்க வேண்டும். இந்தக் கட்டுரையில் நானும் அப்படித்தான் அவரை அறிமுகப்படுத்தினேன்.

ராஜம் கிருஷ்ணன் 1991-இல் ‘பாதையில் பதிந்த அடிகள்’ எழுதினார். மணலூர் மணியம்மையின் வாழ்க்கையை வைத்து எழுதிய நாவல். இளம் வயதிலேயே கைம்பெண்ணான பிராமணப் பெண். முடியைக் கிராப்பு வெட்டி, வேட்டியும் சட்டையும் அணிந்து, சிலம்பம் கற்று, கீழத்தஞ்சையில் பண்ணையாட்களைத் திரட்டியவர். 1953-இல் மான் முட்டி இறந்தார். ராஜம் கிருஷ்ணன் இல்லாவிட்டால் இந்தப் பெயர் என் தலைமுறைக்கு வந்தே சேர்ந்திருக்காது. ஊர் ஊராகப் போய், தெரிந்தவர்களைக் கேட்டு எழுதுகிற அவருடைய முறையை மாணவிகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். கட்சி வரலாற்றாசிரியர்கள் செய்யாத வேலையை ஒரு நாவலாசிரியர் செய்தார்.

அந்த நாவலோடு எனக்கு உள்ள மனத்தாங்கல் சிறியது. நம் பெண்ணிய வாசிப்போடுதான் பெரியது. மணியம்மையை நாம் கொண்டாடுவது அவர் வீட்டை உடைத்துக்கொண்டு வெளியே வந்ததற்காக. சேலையைக் களைந்தார், அடுப்பைத் துறந்தார். மதுரை கே.பி. ஜானகியம்மாள் கட்சிக்காக நகைகளை விற்றது பதிவாகியிருக்கிறது. அவர் மேடை ஏறியவர், சட்டமன்றத்துக்குப் போனவர். வெளியே வந்தவர்களுக்கு ஏதோ ஒரு பக்கம் கிடைத்துவிடுகிறது. வெளியே வராமல், அடுப்படியிலேயே நின்று கட்சி நடத்தியவர்களை ஆண்களும் எழுதவில்லை, நாமும் அவர்களை ‘விடுதலையாகாதவர்கள்’ பட்டியலில் போட்டுவிட்டு நகர்ந்துவிட்டோம். என் முனைவர் பட்ட ஆய்வேட்டிலும் அப்படி ஒரு வாக்கியம் இருக்கிறது. அதைத் திரும்ப எடுத்துப் படிக்கக் கூச்சமாக இருக்கிறது.

அப்பாயிக்குக் காது வளர்த்து அறுபடாமல் தொங்கும். அதில் தண்டட்டி நான் பார்த்ததில்லை. தடைக்காலத்தில் அடகுக்குப் போனது, திரும்பவில்லை என்று மட்டும் தெரியும். மலருக்கு எழுத உட்கார்ந்து முடியாமல் போனபோது, வல்லத்திராக்கோட்டைக்குப் போய் அத்தையைக் கேட்டேன். தலைமறைவாக வீட்டில் எத்தனை பேர் இருந்தார்கள், எத்தனை நாள்?

“அது எதுக்குத்தா இப்ப?” என்றார் அத்தை. பிறகு தானாகவே சொன்னார். ஆள் கணக்கை அப்பாயி ஒருநாளும் வாய்விட்டுச் சொன்னதில்லையாம். ஆட்களுக்கு இலை போடவும் மாட்டாராம். எச்சில் இலையை எண்ணினால் வீட்டில் எத்தனை பேர் என்று பக்கத்து வீட்டுக்குத் தெரிந்துவிடும். எல்லாருக்கும் வட்டில்தான். இருட்டும்முன்னே உலை வைத்து இறக்கிவிட வேண்டும். இரண்டாம் முறை புகை வந்தால் கேள்வி வரும். நெல் கடன் வாங்குவதுகூட ஒரே வீட்டில் வாங்கக் கூடாது, மூன்று வீட்டில் பிரித்து வாங்க வேண்டும்.

“வந்தவுகளுக்கு நெல்லுச்சோறுத்தா. நம்ம வீட்டுக்குக் கேப்பக்கூழு. அவுக கேட்டாக, நீங்க சாப்புடலையான்னு. நாங்க மொதல்லயே சாப்புட்டாச்சுன்னு ஒங்க அப்பாயி சொல்லிருச்சு. நான் புள்ள, சோத்தப் பாத்து அழுதுட்டேன். வாயப் பொத்திக் கொல்லைக்குத் தூக்கிட்டுப் போயிருச்சு.”

ஒரு படி அரிசியில் எத்தனை பேர், எத்தனை நாள், எந்தெந்த வீட்டில் எவ்வளவு கடன் என்று அத்தை விரல் விட்டுச் சொல்ல, நான் எழுதிக்கொண்டேன். இரண்டாம் பதிப்புக்கு அந்தக் கணக்கைத்தான் அனுப்பியிருக்கிறேன். தலைப்பில் அப்பாயியின் பெயர். கூழ், நெல், தண்டட்டி, அழுத பிள்ளை எல்லாம் இருக்கின்றன. பக்கம் போதாது, சுருக்க முடியுமா என்று கேட்டுப் பதில் வந்திருக்கிறது.