காவலறைப் பெண்ணும் நமது எழுத்தும்

நூல்களை ஆராய்வதே இப்பகுதியின் வழக்கம். கவியின் சொல் தகுமா, கதையின் போக்குத் தகுமா என்று எடைபோடுவது நமது வேலை. இன்று நாம் எடுத்துக்கொண்ட எழுத்துக்கோ அட்டையும் இல்லை, ஆசிரியர் பெயரும் இல்லை. ஆயினும் எந்தக் காவியத்தையும்விட அதிகமான தமிழர் நாள்தோறும் படிப்பது அதனைத்தான். கைதான பெண்களைப் பற்றிப் பத்திரிகைகளில் வரும் நாலுவரிச் செய்தியையும், கைப்பேசிக்குக் கைப்பேசி தாவும் படத்தையும், அப்படத்தின் கீழே நம்மவர் எழுதும் வாசகங்களையுமே குறிப்பிடுகின்றோம்.

சென்ற திங்களில் ஒரு மாலை, ஆயர் ஈத்தாம் சந்தைக்கருகில் உள்ள தேநீர்க் கடையொன்றில் நண்பர் சிலரோடு அமர்ந்திருந்தோம். மலைச்சரிவில் கெக் லோக் சி கோயிலின் கோபுரம் இருளில் மங்கிக்கொண்டிருந்தது. எங்களுள் ஒருவர் தோட்டத்தில் பிறந்து, பால்மரம் வெட்டி வளர்ந்து, தோட்டம் துண்டாடப்பட்டபின் நகரம் புகுந்தவர். மற்றவர் பள்ளி ஆசிரியர். மூன்றாமவர் ஓர் இளைஞர். அவருடைய புலனத்தில் ஒரு படம் வந்து விழுந்தது. கைவிலங்கு பூட்டப்பட்ட பெண்ணொருத்தி கூந்தலால் முகத்தை மறைத்து நிற்கின்றாள். அவள்மேல் சாட்டப்பட்ட குற்றம் என்னவென்று தெளிவாக எழுதுவார் ஒருவரும் இல்லை; பரிகாசம் எழுதினாரோ பலர்.

"நம்ம ஆளுங்களா?" என்று கேட்டார் தோட்டத்து நண்பர். "உன் தங்கச்சியா இருந்தா இப்படிப் பார்த்துக்கிட்டு இருப்பியா தம்பி?" என்று ஆசிரியர் கடிந்தார். இளைஞர் வெட்கிப் படத்தை மூடிவிட்டார். வீடு திரும்பிய பின்னரும் அவ்விரண்டு கேள்விகளும் நம்மை விடவில்லை. முதற் கேள்வி பிழையானது என்பது எளிதிற் புலனாகும். இரண்டாவது நல்லெண்ணத்திற் பிறந்ததே. ஆயினும் அதுவும் போதாது என்பதே நமது துணிபு.

முதலில் சொற்களை ஆராய்வோம். விடுதியொன்றைப் போலீசார் சோதனையிட்டுப் பத்துப் பேரைப் பிடித்தால், அவருள் ஆண்கள் 'வாடிக்கையாளர்' ஆகின்றனர். பெண்கள் 'அழகிகள்' ஆகின்றனர். பிடிபட்ட ஆடவனின் அழகைக் குறித்து எந்தப் பத்திரிகையேனும் என்றேனும் அபிப்பிராயம் கூறியதுண்டா? 'அழகி' என்று எழுதுவோன் செய்தி சொல்லவில்லை, கடை விரிக்கின்றான். நெடுங்காலம் நாம் கூசாமல் எழுதிவந்த மற்றொரு சொல் 'கற்பழிப்பு'. பொருளைப் பறிகொடுத்தவனை ஊர் பழிப்பதில்லை, பறித்தவனையே பழிக்கும். இச்சொல்லோ குற்றவாளியை விட்டுவிட்டு, துன்புற்றவளிடத்தில் ஏதோ அழிந்துபோயிற்று என்று தீர்ப்புக் கூறுகின்றது. அண்மைக் காலத்தில் 'பாலியல் வன்கொடுமை' என்னும் வழக்கு அதனை மெல்ல விலக்கி வருவது மகிழத்தக்கதே. 'அழகி' மட்டும் இன்னும் தலைப்புகளில் வீற்றிருக்கின்றாள்.

இந்நோய் செய்தித்தாளோடு பிறந்ததன்று. பாரதக் கதையைக் கூத்தாகவும் நாடகமாகவும் கண்டு வளர்ந்தவர் நாம். அதில் பாஞ்சாலி சபைக்கு இழுத்து வரப்படுகின்றாள். அவள் அங்கே அழுததை எல்லோரும் அறிவர். அவள் ஒரு கேள்வி கேட்டாள் என்பதை எத்தனை பேர் நினைவில் வைத்திருக்கின்றோம்? தன்னைத் தோற்றுவிட்ட ஒருவன் பிறகு என்னைப் பணயம் வைக்க உரிமையுடையவனா என்பது அக்கேள்வி. அது நியாய சபையில் எழுப்பப்பட்ட சட்டக் கேள்வி. அதற்குச் சபை தந்த மறுமொழி துகிலுரிதல்! பேசிய பெண்ணுக்கு விடை கூற இயலாதபோது அவள் உடலை நாடுவது அதிகாரத்தின் பழைய வழக்கம் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுவதில்லை. நாமோ புடவை வளர்ந்த அற்புதத்தில் மனம் பறிகொடுத்துக் கேள்வியை மறந்தோம்.

பாரதியார் அப்படி மறக்கவில்லை. 'பாஞ்சாலி சபத'த்தில், அவளை இழுத்துச் செல்லும்போது வீதியில் நின்று பார்த்து வருந்திய ஊராரையே கவி சினந்து இகழ்கின்றார். இரக்கப்பட்டு நின்றவனும் அவர் கணக்கில் தப்பவில்லை. வங்க எழுத்தாளர் மகாசுவேதா தேவி 'திரௌபதி' என்ற சிறுகதையில் அப்பெயரை ஒரு சாந்தாலப் பழங்குடிப் பெண்ணுக்கு இட்டார். படையினரிடம் பிடிபட்டுக் கொடுமைக்குள்ளான அவளுக்குப் புடவை அளிக்க எக்கடவுளும் வரவில்லை. அவளோ பின்னர் உடுத்த மறுத்து, அதிகாரியின் முன் அப்படியே வந்து நிற்கின்றாள். அஞ்சி நிற்பவன் அவனே. வெட்கம் யாருடையது என்னும் கணக்கை அக்கதை திருத்தி எழுதிவிட்டது.

கதையை விட்டு நம் நாட்டு நடப்புக்கு வருவோம். 2005 ஆம் ஆண்டு நவம்பரில், பெட்டாலிங் ஜெயா போலீஸ் காவலறையில் ஆடையின்றி நிறுத்தப்பட்ட ஒரு பெண், காதுகளைப் பிடித்துக்கொண்டு தோப்புக்கரணம் போடும் காட்சி கைப்பேசிகளிற் பரவியது. மறைவிலிருந்து யாரோ எடுத்த படம் அது. செபூத்தே தொகுதி உறுப்பினர் திரேசா கோக் அதனை நாடாளுமன்றத்துக்குக் கொண்டுவந்தார். நாடு கொதித்தது. ஆனால் அக்கொதிப்பில் எழுந்த கேள்விகளைக் கவனியுங்கள். படத்தை எடுத்தவன் யார் என்றனர் சிலர். அப்பெண் எந்த நாட்டவள் என்றனர் பலர்.

அவள் சீன நாட்டவள் என்றே முதலில் நம்பப்பட்டது. உல்லாசப் பயணிகளின் வரவு குறையுமே என்ற கவலை எழுந்தது. சமாதானம் கூற அமைச்சர் ஒருவர் சீனத் தலைநகருக்கு அனுப்பப்பட்டார். டிசம்பரில் விசாரணை நடந்தபோதுதான் அவள் இந்நாட்டு மலாய்ப் பெண் என்று தெரிந்தது. சீனப் பெண்ணாயின் அயல்நாட்டு உறவுக்கு இழுக்கு, மலாய்ப் பெண்ணாயின் இனத்துக்கு இழுக்கு, தமிழ்ப் பெண்ணாயின் நமக்கு இழுக்கு. அப்படியாயின் பெண் என்னும் மனிதப் பிறவிக்கு இழுக்கு நேர்ந்ததாக வருந்துவோர் யார்? ஆயர் ஈத்தாம் தேநீர்க் கடையில் நாம் கேட்ட முதற் கேள்வி, நாடு முழுவதும் கேட்ட அதே கேள்விதான்.

இதற்குச் சட்டத்தில் இடமில்லையோ எனில், இருந்தது. பெண்ணைச் சோதிக்க நேர்ந்தால் மற்றொரு பெண்ணே சோதிக்கவேண்டும், அதுவும் கண்ணியத்தைக் கண்டிப்பாகப் பேணிச் செய்யவேண்டும் என்று நமது குற்றவியல் நடைமுறைச் சட்டம் விதிக்கின்றது. 1898 ஆம் ஆண்டின் இந்தியச் சட்டத்திலும் இவ்வாக்கியம் உண்டு. ஆங்கில ஆட்சியார் எழுதிவைத்த இவ்வொரு வாக்கியத்தில் இரண்டு கட்டளைகள் அடங்கியுள்ளன. பெட்டாலிங் ஜெயாவில் அப்பெண்ணின் எதிரே நின்றவர் ஒரு பெண் போலீஸ்காரரே. ஆகவே முதற் கட்டளை எழுத்துக்கு எழுத்து நிறைவேறியது; இரண்டாவது காற்றிற் பறந்தது. பெண்ணை நிறுத்திவிட்டால் கண்ணியம் தானே வந்துவிடும் என்றெண்ணுவது பேதைமை. சீருடைக்குள் ஆண் புகுந்தாலென்ன, பெண் புகுந்தாலென்ன? அடைபட்டவளின் மானத்துக்குச் சீருடை பொறுப்பேற்காதவரையில் பயன் ஒன்றுமில்லை.

முன்னாள் தலைமை நீதிபதி துன் முகமது ஸைதின் அப்துல்லா தலைமையில் ஒரு விசாரணை ஆணையம் அமைந்தது. ஆடையின்றித் தோப்புக்கரணம் போடச் செய்யும் வழக்கம் ஒழிய வேண்டும் என்று அது பரிந்துரைத்தது. அதன் பின்னர் நிறைவேறிய 2006 ஆம் ஆண்டுச் சட்டத்திருத்தம், உடற்சோதனையை வகைப்படுத்தி, ஆடை களையும் சோதனைக்கு மேலதிகாரியின் முன்னனுமதி வேண்டும் என்று விதிகள் வகுத்தது. இது சிறு பயன் அன்று. ஆனால் அதே நீதிபதியின் தலைமையில் இயங்கிய அரச ஆணையம், அப்படம் வெளிவருவதற்கு முன்பே, 2005 மே மாதத்தில், போலீசார்மீது வரும் புகார்களை விசாரிக்கச் சுதந்திரமான அமைப்பொன்று வேண்டும் என்று கேட்டிருந்தது. 2022 இல் சட்டமாகி 2023 ஜூலையில் செயலுக்கு வந்த ஆணையத்துக்கோ, தவறிழைத்தவரைத் தானே தண்டிக்கும் அதிகாரம் தரப்படவில்லை. பதினெட்டு ஆண்டு காத்திருந்த பசிக்கு அரைவயிற்றுக் கஞ்சி!

இவ்விடத்தில் ஒரு தடை எழும். 'அப்படம் பரவியிராவிடில் இந்த நன்மையும் விளைந்திராதே! அப்படியிருக்கப் படத்தைப் பகிர்வதை எங்ஙனம் குறை கூறுவீர்?' என்று வாசகர் வினவலாம். நியாயமான வினா. படம் சாட்சியாகும்போது நாம் அதனை வரவேற்கின்றோம், காட்சியாகும்போது வெறுக்கின்றோம். முகத்தை மறைத்து, நீதிமன்றத்திடமும் ஆணையத்திடமும் பொறுப்புள்ள பத்திரிகையிடமும் ஒப்படைப்பது சாட்சி. 'இதைப் பார்த்தாயா?' என்று நண்பனுக்கு அனுப்புவது காட்சி. காவலறையில் ஒருமுறை நேர்ந்த அவமானத்தைப் பின்னது ஆயிரம் கைப்பேசிகளில் ஆயிரம் முறை நிகழ்த்துகின்றது.

அன்றியும், படம் இருந்தால்தான் நம்புவோம் என்பது என்ன நியாயம்? தமிழ்நாட்டில் தருமபுரி மாவட்டத்தைச் சேர்ந்தது வாச்சாத்தி என்னும் மலைவாழ் மக்களின் சிற்றூர். 1992 ஜூன் 20 ஆம் நாள் சந்தனக் கட்டை தேடுவதாகக் கூறி வனத்துறையினரும் போலீசாரும் வருவாய்த் துறையினரும் அவ்வூரிற் புகுந்தனர். பதினெட்டுப் பெண்கள் வன்கொடுமைக்கு ஆளாயினர். அங்கே கைப்பேசி ஏது? படம் ஏது? அப்பெண்களின் வாய்மொழியே பெருஞ்சான்று. 269 பேர்மீது குற்றம் சாட்டப்பட்டு, வழக்கு நடக்கையில் 54 பேர் இறந்துபோக, எஞ்சிய 215 பேரும் குற்றவாளிகளே என்று 2011 செப்டம்பர் 29 இல் தருமபுரி நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2023 இல் அதே செப்டம்பர் 29 ஆம் நாள் சென்னை உயர்நீதிமன்றம் அதனை உறுதி செய்தது. முதல் தீர்ப்புக்குப் பத்தொன்பது ஆண்டு, இறுதி உறுதிக்கு முப்பத்தோராண்டு! பெண்ணின் சொல்லை உடனே கேட்கும் காது இருந்திருப்பின் இத்தனை ஆண்டு எதற்கு?

நாம் பேச்சுக்குப் பூட்டுப் போடச் சொல்வதாக எவரும் கருதவேண்டா. பூட்டு ஏற்கெனவே உண்டு. அது தவறான வாயிலில் தொங்குகின்றது. குடிநுழைவுத் தடுப்பு முகாமில் அடைபட்டோர் நடத்தப்படும் விதத்தைக் குறித்து, அகதிகளுக்குத் தொண்டு செய்யும் ஹெய்டி குவா என்னும் பெண்மணி 2020 ஜூனில் முகநூலில் எழுதினார். 2021 ஜூலையில் அவர் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தப்பட்டார். 1998 ஆம் ஆண்டுத் தொடர்பு, பல்லூடகச் சட்டத்தின் 233 ஆம் பிரிவு அதற்குப் பயன்பட்டது. குற்றச்சாட்டே குறைபாடுடையது என்று 2022 ஏப்ரலில் நீதிமன்றம் அவரை விடுவித்தது. இந்தியாவிலும் இத்தகைய 66அ என்னும் பிரிவின்கீழ், ஒரு தலைவரின் மறைவுக்காக நகரம் ஸ்தம்பித்ததைக் கேள்வி கேட்ட இளம்பெண்ணும், அதனை விரும்பியதாகக் குறியிட்ட தோழியும் 2012 இல் கைது செய்யப்பட்டனர். 2015 இல் அந்நாட்டு உச்சநீதிமன்றம் அப்பிரிவையே நீக்கிற்று.

இவற்றை ஒருங்கு வைத்து நோக்கின் ஓர் உண்மை விளங்கும். அடைபட்டோருக்காக அதிகாரத்தை நோக்கி மேல்நோக்கிப் பேசியவர்மீது சட்டம் விரைந்து பாய்கின்றது. அடைபட்டவளை நோக்கிக் கீழ்நோக்கி ஏளனம் பேசுவோரோ தேநீர் அருந்திக்கொண்டு சுகமாயிருக்கின்றனர். முன்னவரின் உரிமைக்காக நாம் வாதாட வேண்டும். பின்னவரோ நம்மிடையே, சில வேளைகளில் நம் ஆசனத்திலேயே, அமர்ந்திருப்பதால் அவரைத் திருத்தச் சட்டத்தை எதிர்பார்க்கவேண்டியதில்லை. நாமே போதும்.

ஆகவே எழுதுவோருக்கும் அனுப்புவோருக்கும் நாம் கூறுவது இதுவே. கைதான பெண்ணின் அழகை எழுதாதீர். குற்றம் மெய்ப்பிக்கப்படுமுன் பெயரையும் முகத்தையும் ஊரெங்கும் இறைக்காதீர். மெய்ப்பிக்கப்பட்டாலும் தண்டனையை நீதிமன்றம் விதிக்கட்டும், நீர் கூட்டாதீர். காவலில் அவளுக்குத் தீங்கு நேர்ந்ததாகக் கேட்டால், அப்போது மட்டும் உரக்க எழுதுங்கள். அவள் முகத்தையன்று, அந்நிலையத்தின் பெயரையும் நாளையும் நேரத்தையும் எழுதுங்கள்.

ஆசிரிய நண்பரின் கேள்விக்கு இப்போது விடை கூறலாம். அவள் நமது தங்கையல்லள். தங்கையாயிருக்க வேண்டியதும் இல்லை. தங்கையல்லாத பெண்ணுக்கு மானம் இல்லையெனில், நாட்டில் ஒவ்வொரு பெண்ணும் மற்றெல்லார்க்கும் மானமற்றவளே ஆவாள். அவள் குற்றமற்றவளாகவும் இருக்க வேண்டியதில்லை. அவள் கையில் விலங்கு இருக்கின்றது. நமது கை விடுதலையாயிருக்கின்றது. அக்கை இன்று எதை எழுதுகின்றது, எதை அனுப்புகின்றது என்பதற்கு நாமே பொறுப்பாளிகள்.