மைல்ஸின் ஒரே ஒரு பாட்டில்: 'சைட்வேஸ்' பற்றி ஒரு குறிப்பு

அலெக்சாண்டர் பெயின் இயக்கிய 'சைட்வேஸ்' (2004) படத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் இரண்டு விஷயங்களைச் சொல்லி முடித்துவிடுகிறார்கள். ஒன்று, நாயகன் மைல்ஸ் மெர்லோ ஒயினைத் திட்டும் வசனம். இன்னொன்று, அதற்குப் பிறகு அமெரிக்காவில் மெர்லோ விற்பனை மந்தமாகி, பினோ நுவார் ஏறிய கதை. இரண்டும் சுவாரசியம்தான். ஆனால் படத்தின் உயிர் கடைசியில் வரும் ஒரு சின்னக் காட்சியில் இருக்கிறது என்பது என் கட்சி. அதை விளக்க வேண்டுமென்றால், நல்ல சிவப்பு ஒயினைச் சுவைப்பது, வருடக்கணக்கில் வைத்திருப்பது, பரிமாறுவது என்ற மூன்றையும் கொஞ்சம் தொட்டாக வேண்டும். கதையின் முடிவு வரை பேசப்போகிறேன். படம் பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வரலாம்.

கதை எளிமையானது. மைல்ஸ் (பால் ஜியாமாட்டி) ஒரு பள்ளி ஆசிரியர், நாவல் எழுதி வெளியிட முடியாதவர், விவாகரத்தானவர். நண்பன் ஜாக்கின் கல்யாணத்துக்கு முந்தைய வாரம் இருவரும் கலிஃபோர்னியாவின் சாண்டா பார்பரா பக்கம் ஒயின் தோட்டங்களைச் சுற்றக் கிளம்புகிறார்கள். மைல்ஸின் வீட்டில் ஒரே ஒரு பொக்கிஷம் இருக்கிறது: 1961ஆம் வருட ஷெவால் பிளான், ஒரு பாட்டில். பத்தாவது திருமண நாளுக்கென்று வைத்திருந்தது. அந்த நாள் வருவதற்குள் திருமணமே இல்லாமல் போய்விட்டது.

முதலில் சுவைப்பது. படத்தின் ஆரம்பத்தில் மைல்ஸ் ஜாக்குக்குப் பாடம் நடத்துகிறார். கோப்பையைச் சாய்த்து நிறம் பார், சுழற்று, மூக்கை உள்ளே விட்டு முகர், பிறகு குடி. முறை சரியானதுதான், சுவை என்று நாம் சொல்வதில் பெரும்பகுதி மூக்கின் வேலை. ஆனால் அடுத்து அவர் அடுக்கும் வாசனைப் பட்டியல் ஸ்ட்ராபெரியில் தொடங்கி ஒரு வகைப் பாலாடைக்கட்டி வரை போகிறது. கேட்டுக்கொண்டிருக்கும் ஜாக் வாயில் சூயிங்கம்!

இந்தப் பட்டியலை எவ்வளவு நம்பலாம்? 2001இல் வெளியான ஒரு பிரெஞ்சு ஆய்வு நினைவுக்கு வருகிறது. போர்தோவில் ஒயின் கலை படிக்கும் 54 பேருக்கு, வெள்ளை ஒயினில் மணமில்லாத சிவப்புச் சாயம் கலந்து கொடுத்தார்கள். அவர்கள் அதைச் சிவப்பு ஒயினுக்குரிய வார்த்தைகளால் வர்ணித்தார்கள். ஒயின் ஞானமே பொய் என்று இதை வைத்துச் சிலர் சொல்வார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. கண் சொல்வதை மூக்கு நம்பிவிடுகிறது, அவ்வளவுதான். தெரிந்த விஷயமும் உணர்கிற விஷயமும் ஒன்றோடொன்று கலந்துவிடும்.

மைல்ஸிடம் இந்தக் கலப்பு முற்றிப்போயிருக்கிறது. மெர்லோவைத் திட்டுகிறார். இன்னொரு இடத்தில் கபர்னே ஃபிரான்க் திராட்சையிலிருந்து பெரிதாக எதுவும் எதிர்பார்க்க முடியாது என்கிறார். சரி, அவர் தெய்வமாக வைத்திருக்கும் ஷெவால் பிளான் எதிலிருந்து வருகிறது? முக்கியமாக இந்த இரண்டு திராட்சைகளிலிருந்துதான். இதை ஒரு ஜோக்காக எல்லோரும் சொல்கிறார்கள். நான் இதைப் பாத்திரத்தின் சாவியாகப் பார்க்கிறேன். மைல்ஸுக்கு ஒயின் என்பது பேசுவதற்கான மொழி. வாயைத் திறந்தால் வார்த்தை கொட்டும். நாவல் நிராகரிக்கப்பட்டது என்று போனில் தெரிந்ததும், அதே மனிதர் சுவையறையில் எல்லோரும் துப்பி வைத்த பாத்திரத்தைத் தூக்கிக் குடிக்கிறார். பட்டியல் போட்ட நாக்கு அப்போது எங்கே போனது?

அடுத்து, வைத்திருப்பது. திராட்சைத் தோல், விதையிலிருந்து வரும் டானின்தான் இளம் சிவப்பு ஒயினில் நாக்கைப் பிடித்து இழுப்பது. நமக்கு இதைப் புதிதாக விளக்கவே வேண்டாம், அறுசுவையில் ஒன்றான துவர்ப்பு அது. பாக்கு, வாழைப்பூ, கடுக்காய் ஞாபகம் வந்தால் போதும். வருடங்கள் போகப்போக டானினும் நிறமிகளும் ஒன்றோடொன்று பிணைந்து, ஒரு பகுதி வண்டலாக அடியில் இறங்கும். துவர்ப்பு மென்மையாகும், நிறம் ஊதாவிலிருந்து செங்கல் நிறத்துக்குப் போகும், பழ வாசனை குறைந்து காய்ந்த இலை, தோல், காளான் மாதிரியான வாசனைகள் எழும். பிறகு ஒரு கட்டத்தில் சரிவு தொடங்கிவிடும்.

அந்தச் சரிவு எப்போது? படத்தின் நடுவே இந்தப் பாட்டிலைப் பற்றிப் பேச்சு வரும்போது, 61 உச்சத்தில் இருப்பதாகப் படித்திருக்கிறேன், ஒருவேளை தாமதமாகிவிட்டதோ என்னவோ என்கிற மாதிரி மாயா (வர்ஜீனியா மேட்சன்) சொல்கிறாள். அதாவது அவளுக்குத் தெரிந்ததெல்லாம் படித்ததுதான். வேறு வழியும் இல்லை. பொறியியலில் பொருளை அழித்தால் மட்டுமே செய்ய முடிகிற சோதனைகள் உண்டு. தீக்குச்சி நல்லதா என்று உரசிப் பார்த்தால்தான் தெரியும், உரசினால் குச்சி போச்சு. பன்னிரண்டு பாட்டில் பெட்டி வைத்திருப்பவர் சில வருடத்துக்கு ஒன்றாகத் திறந்து பார்த்து மீதியின் நிலையைக் கணிக்கலாம். ஒரே ஒரு பாட்டில் உள்ளவருக்கு அந்த வசதி கிடையாது. எத்தனை வருடம் காத்திருந்தாலும் அவருக்கு ஒரு புதுத் தகவலும் கிடைக்காது. பாட்டில் மட்டும் வயதாகிக்கொண்டிருக்கும். சரியான நாளைக் கணக்குப் போட்டுக் கண்டுபிடிக்கலாம் என்ற நம்பிக்கையே இங்கே செல்லாது. மாயா சொல்லும் பதிலும் இதுதான்: அந்த மாதிரி ஒயினைத் திறக்கிறோம் என்பதே அந்த நாளை விசேஷ நாளாக்கிவிடும்.

கடைசியாகப் பரிமாறுவது. நாற்பது வயது தாண்டிய போர்தோ ஒயினுக்கென்று ஒரு மரியாதை இருக்கிறது. படுக்கவைத்திருந்த பாட்டிலை ஒரு நாள் முன்பே நிமிர்த்தி வண்டலை அடியில் இறங்கவிட வேண்டும். பிறகு வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து, வண்டல் கழுத்துக்கு வரும் நொடியில் நிறுத்துகிற மாதிரி மெதுவாக வேறு குடுவைக்கு ஊற்ற வேண்டும். ரொம்ப நேரம் காற்றாட விட்டால் மிச்சமிருக்கும் மணமும் ஓடிவிடும். 16–18 டிகிரி செல்சியஸ், மேலே குறுகும் பெரிய கண்ணாடிக் கோப்பை.

மைல்ஸ் செய்தது என்ன? ஜாக்கின் கல்யாணத்தில், மறுமணம் செய்துகொண்ட முன்னாள் மனைவி கர்ப்பமாக இருப்பது தெரிகிறது. வீட்டுக்குப் போய் பாட்டிலை எடுக்கிறார். அடுத்து ஒரு துரித உணவுக்கடை. பர்கர், வெங்காய வளையங்கள். மேசைக்குக் கீழே வைத்துத் திருட்டுத்தனமாக தெர்மோகோல் கோப்பையில் ஊற்றிக் குடிக்கிறார். எல்லா விதியும் காலி. கலங்கிய வண்டல், வாசனையைத் தேக்காத கோப்பை, சுற்றிலும் எண்ணெய் வாடை.

இதைத் தோல்வி என்று படிப்பவர்கள் உண்டு, மேட்டிமைத்தனத்திலிருந்து விடுதலை என்று படிப்பவர்களும் உண்டு. இழப்பு உண்மை, அந்த ஒயின் கொடுத்திருக்கக்கூடியதில் பெரும்பகுதி அங்கே வீணாகத்தான் போயிருக்கும். பரிமாறும் விதிகள் வெறும் பந்தா இல்லை, காரணத்தோடு வந்தவை. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள்: படம் முழுக்க ஒயினை வர்ணித்த மனிதர் இங்கே ஒரு வர்ணனைகூடச் செய்வதில்லை. ஸ்ட்ராபெரி இல்லை, பாலாடைக்கட்டி இல்லை. கேட்க ஆளும் இல்லை. மைல்ஸ் பேசாமல் ஒயின் குடிப்பதை இங்கேதான் பார்க்கிறோம். அந்தப் பாட்டில் ஒரு எதிர்காலத்துக்கான முன்பணமாக இருந்தது. அந்த எதிர்காலம் வராது என்று தெரிந்த பிறகுதான் அது வெறும் ஒயினாகிறது, குடிக்க முடிகிறது.

படத்தின் மீது ஒரு குறையும் சொல்ல வேண்டும். ஒயினை உண்மையிலேயே உணர்ந்து பேசுகிறவள் மாயாதான். திராட்சை விளைந்த வருடத்தில் வெயில் எப்படி இருந்திருக்கும், பறித்த கைகள் யாருடையவை என்று யோசிக்கிறவள். அப்படிப்பட்டவளை, மைல்ஸைத் தேற்றும் வேலைக்கே படம் வைத்துக்கொள்கிறது. அவள் கதவை அவர் தட்டுவதோடு படம் முடிகிறது. கதவுக்கு அந்தப் பக்கம் அவளுக்கு என்ன வேண்டும் என்று படம் கேட்கவே இல்லை. அந்த 61ஐ அவளோடு சேர்ந்து, நல்ல கோப்பையில் குடித்திருக்கலாமே என்ற எண்ணம் எனக்கு ஒவ்வொரு முறை பார்க்கும்போதும் வருகிறது. பாட்டில் காலியான பிறகுதான் மைல்ஸ் அவள் வீட்டுப் படியேறுகிறார்.