டயலில் எந்த அழுக்கைத் தொடலாம்?

எச்.எம்.டி. ஜனதா போன்ற, சாவி கொடுக்கும் பழைய வாட்சுகளைத் தேடி வாங்குவோர் இன்று பலர். ஜப்பானின் சிட்டிசன் நிறுவன ஒத்துழைப்போடு 1961இல் பெங்களூரில் தொடங்கியது எச்.எம்.டி.யின் வாட்ச் உற்பத்தி. எச்.எம்.டி. வாட்சஸ் நிறுவனத்தை மூட 2016இல் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்துவிட்டது; பழைய வாட்சுகளுக்கு ஆலையின் அசல் டயல் கிடைப்பது அரிது. எனவே மஞ்சளேறிய டயலை எலுமிச்சைச் சாறு, பாத்திர சோப்பு, சமையல் சோடா கொண்டு வீட்டிலேயே புதிதாக்கும் யோசனை பரவியிருக்கிறது. எளிதாகத் தோன்றும் இந்த யோசனை தேறுமா?

டயல் எப்படிச் செய்யப்படுகிறது என்பதில்தான் விடை இருக்கிறது. பெரும்பாலும் பித்தளைத் தகடு. அதன்மேல் மெல்லிய வெள்ளி முலாம் அல்லது பெயிண்ட். பிறகு அச்சிட்ட எழுத்து, காப்புக்கு லாக்கர் என்னும் மெருகுப் பூச்சு. எழுத்து சில டயல்களில் லாக்கருக்கு அடியில் இருக்கும், சிலவற்றில் மேலே. மேலே படிந்த தூசியும் எண்ணெய்ப் பிசுக்கும் ஒரு வகை அழுக்கு. மஞ்சள் நிறமோ பெரும்பாலும் படிந்த அழுக்கே அல்ல, முதுமையடைந்த லாக்கரேதான். கரும்புள்ளிகளும் பச்சையும் லாக்கரின் விரிசல் வழியே ஈரம் புகுந்து அடியிலுள்ள உலோகத்தை அரித்ததால் வந்தவை.

எலுமிச்சையின் அமிலம் பித்தளைப் பச்சையைக் கரைக்கும் என்பது உண்மை. ஆனால் லாக்கர் முழுதாக இருந்தால் சாறு கறையை எட்டவே எட்டாது. எட்டுகிறதென்றால் லாக்கர் ஏற்கெனவே பிளந்திருக்கிறது. அந்தப் பிளவுக்குள் புகும் நீர் லாக்கரை மேலும் தூக்கும், எழுத்தும் அதோடு உரிந்து வரும். சமையல் சோடா அதைவிட மோசம். அதன் துகள்கள் முலாமைத் தேய்த்துப் பித்தளையை வெளியே காட்டிவிடும். புளி போட்டுத் தேய்த்துக் குத்துவிளக்கைப் பளபளக்க வைக்கலாம், விளக்கு முழுக்கவும் பித்தளை என்பதால். டயலில் தேய்க்க அவ்வளவு உலோகம் கிடையாது.

இந்த வீட்டு முறைக்கு ஆதாரமாகக் காட்டப்படும் ‘முன்பு–பின்பு’ படங்களை நான் ஏற்கவில்லை. துடைத்த கையோடு எடுத்த படங்கள் அவை. எஞ்சிய அமிலமும் ஈரமும் செய்யும் வேலை பின்னால்தான் தெரியும். எழுத்தழிந்த டயலை யாரும் படமெடுத்துக் காட்டுவதும் இல்லை.

உண்மையான எனாமல் டயல் வேறு சாதி. செப்புத் தகட்டின் மேல் ஏறத்தாழ 800 டிகிரி செல்சியஸில் சுட்டெடுத்த கண்ணாடி அது. சுட்ட எழுத்தும் பழுதில்லாத பரப்புமாக இருந்தால் மென்சோப்பு நீரைத் தாங்கும். முன்பு யாராவது ஒட்டுப்போட்டிருந்தால் தாங்காது.

ரேடியம் பூசிய டயலில் விவாதத்துக்கே இடமில்லை. 1960களுக்கு முந்தைய ஒளிரும் டயல்கள் பலவற்றில் அது உண்டு. இருட்டில் ஒளிராவிட்டாலும் கதிர்வீச்சு நிற்காது: ஓய்ந்தது ரேடியத்தோடு கலந்து ஒளிர்ந்த துத்தநாக சல்பைடு மட்டும், ரேடியம்-226இன் அரை ஆயுள் சுமார் 1600 ஆண்டுகள். சுரண்டினால் எழும் தூசி உடலுக்குள் போய் எலும்பில் தங்கும். தூரிகையை உதட்டில் வைத்துக் கூராக்கிய அமெரிக்க டயல் தொழிலாளப் பெண்கள் பலர், விழுங்கிய ரேடியம் எலும்பில் தங்கியதால், 1920களில் மாண்டார்கள்.

எதிர்வாதம் ஒன்று வலுவானது. அப்பாவின் வாட்சைக் கட்டிக்கொள்ள விரும்புபவருக்குச் சேகரிப்பாளர் மதிப்பு எதற்கு? நியாயம்தான். ஆனால் என் மறுப்புக்கு விலை காரணமில்லை. போன எழுத்தைத் திரும்ப வைக்க வழியில்லை. மறு அச்சிட்டால் கிடைப்பது அப்பா பார்த்த டயலும் அல்ல.

ஆகவே என் தீர்ப்பு: உலோக டயலில் ஈரம் படக் கூடாது. ரேடியம் ஐயமில்லாத டயலில் முட்களைக் கழற்றியபின் கை ப்ளோயரால் தூசியை ஊதலாம். லாக்கர் உறுதியாக இருந்தால் ரோடிகோ என்னும் அழுக்கெடுக்கும் பிசினை எழுத்தில்லாத இடத்தில் மெல்ல ஒற்றலாம். அதற்கும் முன்பாக, கீறலும் மஞ்சளும் ஏறிய அக்ரிலிக் கண்ணாடியை மாற்றிப் பாருங்கள். டயலின் மங்கல் என்று நாம் நினைப்பது பல வேளை அந்தக் கண்ணாடியின் மங்கலாக இருக்கலாம்.