தூக்காத தூக்குப்பாலம்

போன வாரம் முழுக்க ஒரு பழைய பின்பால் இயந்திரத்தைப் பழுதுபார்க்கும் காணொளிகளை விட்டுவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன். பின்பால் நம்ம ஊரில் அதிகம் புழங்காத விளையாட்டு. சாய்வான பலகையில் எஃகுக் குண்டை உந்திவிட்டு, அது கீழே விழுந்துவிடாமல் இரண்டு குட்டைத் துடுப்புகளால் தட்டித் தட்டி மேலே அனுப்பவேண்டும். காசு போட்டால் ஓடும்.

என்னைப் பிடித்து உட்காரவைத்தது அந்த மனுஷனின் தயக்கம்தான். ரப்பர் வளையம், பல்பு, குண்டு எல்லாவற்றையும் யோசிக்காமல் மாற்றினார். குண்டு ஓடி ஓடி பெயிண்ட் போய் மரம் தெரிகிற இடத்துக்கு வந்ததும் நின்றுவிட்டார். அங்கே புதுப்படம் ஒட்டினால் பளிச்சென்று இருக்கும். ஆனால் அத்தனை வருஷம் ஆடியவர்களின் தடம் போய்விடும். ஓடாமல் விடுவதை மட்டும் அவர் ஒரு வழியாகவே எண்ணவில்லை. கடைசியில் குண்டு ஓடியது.

இதைப் பார்த்தபோது பாம்பன் ஞாபகம் வந்தது ஒன்றும் தற்செயல் இல்லை. காட்லீப், பாலி, வில்லியம்ஸ் என்று பின்பாலின் பெரிய கம்பெனிகள் எல்லாம் சிகாகோக்காரர்கள். நம் தூக்குப்பாலத்தின் வடிவமும் அதே ஊர்ச் சரக்கு. ஷெர்சரை 'ஜெர்மன் பொறியாளர்' என்று கட்டுரைக்குக் கட்டுரை எழுதுகிறார்கள். வில்லியம் ஷெர்சர் இல்லினாய் மாநிலத்தில் பிறந்தவர். 1893-லேயே இறந்துவிட்டார்; அவர் முறையில் முதல் பாலம் சிகாகோவில் எழுந்தது அதற்குப் பிறகுதான். பாம்பன் பாலம் 1914-ல் திறக்கப்பட்டபோது அவர் போய் 21 வருஷம் ஆகியிருந்தது.

அவருடைய யோசனை எளிமையானது. பாலத்தின் ஒவ்வொரு இறக்கைக்கும் அடியில் வளைந்த ஒரு குதிகால். சாய்வு நாற்காலி பின்னால் சாய்வதுபோல அது உருண்டு பின்வாங்க, முனை மேலே எழும்பும். பின்பக்க எடை சமன் செய்வதால் 400 டன்னுக்கு மேல் கனக்கும் இறக்கையை ஆட்கள் கையால் சுற்றியே தூக்க முடிந்தது. சின்ன வயசில் அப்பாவோடு சாலைப் பாலத்தின் மேல் நின்று அதைப் பார்த்திருக்கிறேன். தூக்குகிறார்களா, சும்மா சுற்றுகிறார்களா என்று சந்தேகம் வருகிற அளவுக்கு மெதுவாக எழும்பியது.

2022 டிசம்பரில் ரயில் நின்றது. 2025 ஏப்ரலில் பக்கத்திலேயே புதுப்பாலம் வந்துவிட்டது; அதன் 72.5 மீட்டர் நடுத்துண்டை மோட்டார் அப்படியே நெட்டுக்குத்தாகத் தூக்குகிறது. அதில் எனக்கு ஒரு புகாரும் இல்லை. உப்புக்காற்றில் அரித்த இரும்பின்மேல் ஜனங்களை ஏற்றவேண்டும் என்று யாரும் கேட்க முடியாது.

என் சண்டை பழையதைப் பற்றிய பேச்சோடுதான். ஒரு கட்சி, உடைத்து எடைக்குப் போடுங்கள் என்கிறது. இன்னொரு கட்சி, பெயிண்ட் அடித்து, விளக்குப் போட்டு, நினைவுச் சின்னமாக நிறுத்துங்கள் என்கிறது. இரண்டாவது கட்சியில்தான் என் நண்பர்கள் எல்லாரும் இருக்கிறார்கள், அதனால் அவர்களிடமே கேட்கிறேன்: தூக்காத தூக்குப்பாலத்தை எதற்கு வைத்துக்கொள்கிறீர்கள்? மின்சாரம் பிடுங்கிய பின்பால் இயந்திரம் வெறும் மேசைதானே. தாலிக்குப் பொன் கேட்டால் படத்தில் காட்டுகிற கதையாக இருக்கிறது.

'அசல்' என்ற வார்த்தையும் இங்கே செல்லாது. 1964 டிசம்பர் புயலில் பாலத்தின் பெரும்பாலான உத்தரங்கள் கடலுக்குள் போய்விட்டன. அன்றைக்கு இளம் பொறியாளரான ஸ்ரீதரனிடம் வேலையை ஒப்படைத்தார்கள். உத்தரங்கள் கிடக்கிற இடத்தை மீனவர்கள் காட்ட, கடலில் இருந்து அவற்றையே மீட்டு மறுபடி ஏற்றி, 46 நாளில் ரயிலை ஓடவைத்தார். பிறகு 2007-ல் அதே பாலத்தை அகலப் பாதைக்கு மாற்றினார்கள். தேய்ந்ததை மாற்றி, உதவுகிறதை விட்டு, ஓட வைத்தார்கள். அந்தக் காணொளிக்காரர் செய்ததும் அதேதான்.

ஆகவே நான் கேட்பது சின்னது. இரண்டு கிலோமீட்டரும் வேண்டாம். ஓர் இறக்கையை, முடியாவிட்டால் அந்த வளைந்த குதிகாலையும் அது உருளும் தளத்தையும் சுற்றுப் பொறியையும் மட்டுமாவது, கரையில் வைத்து ஆட்களால் சுற்றவிடவேண்டும். எவ்வளவு இரும்பு தாங்கும் என்று பொறியாளர்கள்தான் சொல்லவேண்டும். கிரீஸுக்கும் கூலிக்கும் வருஷா வருஷம் பணம் வேண்டும், பெயிண்டைவிட அதிகமாகவே ஆகும். என் யோசனையில் பலவீனமான இடமும் அதுதான்.

அதற்கு முன்னால், செலவே இல்லாத ஒரு வேலை இருக்கிறது. பொறியைச் சுற்றிய ஊழியர்களில் ஓய்வு பெற்றவர்கள் இருப்பார்கள். எந்தக் காற்றில் எப்படிப் பிடிக்கவேண்டும், எங்கே இறுகும், எந்தச் சத்தம் கேட்டால் நிறுத்தவேண்டும் என்பதெல்லாம் அவர்கள் கைக்குத்தான் தெரியும். அடுத்த முறை பாம்பன் போகும்போது ஒலிப்பதிவுக் கருவியை எடுத்துக்கொண்டு போகிறேன். உங்கள் வீட்டில், தெருவில் அப்படி ஒருவர் இருந்தால் எனக்கு எழுதுங்கள்.