ஆறு சக்கரம் சரி, டயர் யார் தருவது?

ஃபார்முலா ஒன் ரசிகர்களிடம் பேச்சுக் கொடுத்தால் ஆளுக்கொரு கார் டிசைன் வைத்திருப்பார்கள். சக்கரங்களை மூடிவிட்டால் காற்றுத் தடை குறையுமே என்பார் ஒருவர். சக்கரத்தைக் கூட்டினால் பிடிப்பு கூடுமே என்பார் இன்னொருவர். இவற்றில் பல அபத்தமான யோசனைகள் அல்ல. கணக்குப் போட்டால் லாபம்கூடத் தெரியும். ஆனால் அந்தக் கணக்கு ஒரு பாகத்தோடு நின்றுவிடுகிறது. மற்ற பாகங்கள் அதற்கு என்ன விலை கொடுக்கும் என்று கேட்பதில்லை. அமெச்சூர் கோளாறு என்று நான் சொல்வது இதைத்தான். பட்டமோ அனுபவமோ இருந்தால் இது அண்டாது என்பதும் இல்லை.

1976-ல் ஓடிய, டிரல் அணியின் பி34 என்ற ஆறு சக்கரக் காரைப் பாருங்கள். அதை வரைந்த டெரெக் கார்ட்னர் கற்றுக்குட்டி அல்ல. ஜாக்கி ஸ்டூவர்ட் 1971, 1973 சாம்பியன் பட்டங்களை வென்றது அவருடைய கார்களில்தான். வழக்கமான 13 அங்குல முன்சக்கரங்கள் இரண்டை எடுத்துவிட்டு, 10 அங்குலச் சக்கரங்கள் நான்கை அகலமான மூக்குக்குப் பின்னால் ஒளித்து வைத்தார். முன்பக்கத்தைக் காற்று தூக்குவது குறையும், நான்கு டயர்கள் தரையைப் பிடிக்கும் என்பது கணக்கு. அந்தக் குட்டிச் சக்கரங்கள் ஓட்டுநருக்குத் தெரிய வேண்டுமே என்று காக்பிட்டின் பக்கவாட்டில் சிறு ஜன்னல்கூட வைத்தார்கள். ஆனால் பின்டயர்கள் பழைய பருமனிலேயே காற்றை எதிர்த்து நின்றன. முன்னால் பிரேக்குகள் இரண்டு நான்காயின. சின்னச் சக்கரத்துக்குள் அடைபட்ட அவற்றுக்குக் காற்று போதாமல் சூடேறின. எல்லாவற்றையும்விடப் பெரிய தலைவலி டயர்தான். 10 அங்குல டயரை குட்இயர் இந்த ஒரே அணிக்காகத்தான் செய்ய வேண்டியிருந்தது. எல்லா அணிகளும் கேட்கும் பின்டயர் மேம்பட்டுக்கொண்டே போக, முன்டயர் பின்தங்கியது. வளைவில் முன்பக்கம் திரும்ப மறுக்கும் காரை எந்த ஓட்டுநரால் காப்பாற்ற முடியும்?

‘ஜெயித்த காரைக் குறை சொல்லலாமா?’ என்று கேட்கலாம். நியாயம்தான். 1976 ஸ்வீடன் பந்தயத்தில் ஜோடி ஷெக்டர் முதலிடம், பேட்ரிக் டெபாயே இரண்டாமிடம். ஆனால் முன்னால் ஓடிக்கொண்டிருந்த மரியோ ஆண்ட்ரெட்டியின் என்ஜின் பழுதான பந்தயம் அது. அந்தக் காரின் ஒரே வெற்றியும் அதுதான். 1977-ல் ரோனி பீட்டர்சன் போன்ற வேகக்காரர் வந்தும் ஒரு வெற்றிகூட இல்லை. அடுத்த ஆண்டு டிரல் நான்கு சக்கரத்துக்கே திரும்பிவிட்டது.

இன்னொரு ஆட்சேபம் இதைவிட வலுவானது. ஃபார்முலா ஒன்னைப் புரட்டிப் போட்டவர்களே கராஜ்காரர்கள்தானே? உண்மை. 1946-ல் சார்லஸ் கூப்பரும் மகன் ஜானும் ஃபியாட் டோபோலினோ காரின் முன்சஸ்பென்ஷன் இரண்டை எடுத்து, ஒன்றை முன்னும் மற்றதைப் பின்னும் மாட்டி, 500 சிசி மோட்டார்சைக்கிள் என்ஜினை ஓட்டுநரின் முதுகுக்குப் பின்னால் வைத்தார்கள். பெரிய தத்துவம் ஏதுமில்லை. செயின் பின்சக்கரத்துக்குப் போக அதுதான் சுளுவான இடம். கையில் கிடைத்த பாகத்திலிருந்து பிறந்த யோசனை அது. அந்த வழியில் வளர்ந்த கூப்பர் கார்களில் ஜாக் பிரபாம் 1959, 1960 பட்டங்களை வென்றார். 1961-ல் பட்டம் வென்ற ஃபெராரியிலும் என்ஜின் பின்னால்தான் இருந்தது. கூப்பர்களை அமெச்சூர் என்பது அவர்களுடைய கராஜைப் பார்த்துச் சொல்வது. வேலையைப் பார்த்தால் அவர்கள்தான் பொறியாளர்கள்.

ஆறு சக்கர ஆசை டிரலோடு தீரவில்லை. காற்றுத் தடை உண்மையில் இருந்த பின்பக்கத்தில் நான்கு சக்கரம் வைத்து வில்லியம்ஸ் அணி 1982-ல் சோதனை ஓட்டம் நடத்தியது. மற்றவர்கள் பயன்படுத்தும் அதே அளவு முன்டயரைப் பின்னாலும் மாட்டியதால் தனி டயருக்கு யாரிடமும் கையேந்த வேண்டியதில்லை. டிரல் செய்த தவறை நேராகச் சரிசெய்த டிசைன் அது. ஆனால் அது பந்தயத்தில் இறங்கவே இல்லை; அதற்குள் 1983 முதல் நான்கு சக்கரங்களுக்கு மேல் கூடாது என்று விதி வந்துவிட்டது.