சங்கிலியை அவிழ்த்த பிறகு

2001 ஆகஸ்ட் 6 அதிகாலையில் ஏர்வாடியில் ஒரு தனியார் மனநலக் காப்பகத்தின் கீற்றுக் கொட்டகை தீப்பற்றி எரிந்தது. 28 பேர் இறந்தார்கள். பெரும்பாலோர் சங்கிலியால் கட்டப்பட்டிருந்ததால் தப்பி ஓட வழியில்லை. 2017ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம், 95ஆம் பிரிவில், நோயாளியைச் சங்கிலியால் கட்டுவதை எந்த வடிவிலும் தடை செய்கிறது. ஆனால் நோயாளி அடிப்பார், ஓடிவிடுவார் என்ற பயத்தில்தானே குடும்பங்கள் சங்கிலிக்குச் சம்மதித்தன? அந்தப் பயத்துக்கு வழி சொல்லாமல் பூட்டை மட்டும் திறந்தால் வீட்டார் தவித்துப்போவார்கள். நடத்தைச் சிகிச்சை பயன்படும் இடம் இதுதான்.

மனநோய் தீர வேண்டிக் குடும்பங்கள் வரும் ஏர்வாடி தர்காவுக்கு அருகே வாடகை அறையில் தங்கியிருக்கும் இளைஞர் ஒருவர் தினமும் அந்தி நேரத்தில் கத்துகிறார் என்று வைத்துக்கொள்வோம். ஜின் பிடித்திருக்கிறது என்பார் ஒருவர். திமிர் என்பார் இன்னொருவர். நடத்தைப் பகுப்பாய்வு தெரிந்தவர் ஒரு நோட்டில் குறிப்பெடுப்பார்: கத்துவதற்கு முன் என்ன நடந்தது, பின் என்ன நடந்தது? கத்தியதும் அம்மா ஓடிப்போய் டீ வாங்கித் தருகிறார். சும்மா இருக்கும்போது அவரிடம் யாரும் பேசுவதே இல்லை. அப்படியானால் முதலில் மாற வேண்டியவர்கள் சுற்றியிருப்பவர்கள். அமைதியாக இருக்கையில் பேச்சுக் கொடுக்க வேண்டும். டீ வேண்டுமென்றால் கேட்கப் பழக்க வேண்டும். இதை எழுதப் படிக்கத் தெரியாத தாய்க்கும் சொல்லித்தரலாம். மாத்திரை நோயாளியின் காதில் கேட்கும் மாயக் குரலைக் குறைக்கலாம். ஆனால் குளிக்கவும் கடைக்குப் போய்வரவும் பழக்குவது பயிற்சிதான்.

ஆனால் பரிசைக் கையில் வைத்திருப்பவருக்கு அதிகாரமும் சேர்ந்தே வந்துவிடுகிறது. 1960களில் அமெரிக்காவின் இல்லினாய் மாநில மனநல மருத்துவமனை ஒன்றில் உளவியலாளர்கள் அய்லானும் அஸ்ரினும் வேலைக்கு டோக்கன், டோக்கனுக்கு வசதிகள் என்ற முறையைக் கொண்டுவந்தார்கள். முடங்கிக் கிடந்தவர்கள் எழுந்து வேலை செய்தார்கள். டோக்கனை நிறுத்தியதும் வேலையும் பெருமளவு நின்றது. உணவும் படுக்கையும் பரிசல்ல, நோயாளியின் உரிமை என்று 1972இல் அலபாமா மாநில மனநல மருத்துவமனைகள் பற்றிய வழக்கில் நீதிமன்றம் சொல்ல வேண்டியிருந்தது. இதே நடத்தை முறையில் ஆட்டிசக் குழந்தைகளுக்கு வாரம் 40 மணி நேரப் பயிற்சி தந்து உளவியலாளர் லோவாஸ் 1987இல் வெளியிட்ட புகழ்பெற்ற ஆய்வில் தொடையில் அறைவதும் ஒரு உத்தி. அடிபட்டுக் கற்ற பிள்ளை கற்றுக்கொள்வது பணிவை மட்டும்தான் என்பது என் உறுதியான கருத்து. அந்த 40 மணி நேரத்துக்குக் மீன்பிடிக்கக் கடலுக்குப் போகும் குடும்பம் எங்கே போகும்?

வீடு திரும்பக் கனவில் உத்தரவு வரட்டும் என்று காத்திருக்கும் குடும்பங்களுக்கு ஏர்வாடி தர்காவிலேயே அரசு மருத்துவர்கள் மருந்து தருகிறார்கள். பிரார்த்தனையை யாரும் நிறுத்தச் சொல்வதில்லை. நல்ல ஏற்பாடு. நோட்டும் பொறுமையும் உள்ள உளவியலாளர்களும் அங்கே உட்கார வேண்டும். சோறு, தண்ணீர், வீட்டாரைப் பார்ப்பது ஆகியவற்றை ஒருபோதும் பரிசாக வைக்கக் கூடாது. பிள்ளையை நடத்தைப் பயிற்சியில் சேர்க்கும் பெற்றோரே, நீங்களும் அன்றே கேளுங்கள்: "வேண்டாம்" என்று சொல்ல என் பிள்ளைக்குக் கற்றுத்தருவீர்களா? தெளிவான பதில் வராவிட்டால் கையெழுத்துப் போடாதீர்கள்.