எது புனித பூமி?

சித்திரக் கதையைச் சிறுபிள்ளை விளையாட்டென ஒதுக்குவது நம்மவர் வழக்கம். ஆயினும் நம் வீட்டு இளைஞர்கள் கைப்பேசியில் விரும்பிப் படிப்பவற்றுள் ஜப்பானியச் சித்திரத் தொடர்களும் உள. அவற்றுள் மோரி கோஜி வரைந்த ‘ஹோலிலேண்ட்’ பெற்றோரும் ஆராயத் தக்கது. 2000 முதல் 2008 வரை வெளிவந்து, 18 தொகுதிகளாக நிறைவுற்ற அந்நூலின் பெயருக்குப் புனித பூமி என்பது பொருள்.

கதைத்தலைவன் கமிஷிரோ யூ, சக மாணவர்களின் கொடுமையால் பள்ளியை வெறுத்துத் தன் அறையில் ஒடுங்கியவன். குத்துச்சண்டை நூலொன்றைப் பார்த்து இரண்டே குத்துகளை ஓயாது பழகியபின், டோக்கியோவின் ஷிமோகிதஸாவாத் தெருக்களில் இரவில் அலைகிறான். வம்புக்கு வந்தோர் வீழ்கின்றனர். ‘போக்கிரி வேட்டைக்காரன்’ என்னும் பெயர் பரவுகிறது.

நூலின் சிறப்பு அதன் வாய்மை. பறந்து தாக்கும் மாயம் இதில் இல்லை. பாயில் வீழ்த்துவது வேறு, தார்ச்சாலையில் வீழ்த்துவது வேறு என்பன போன்ற நுட்பங்களை ஆசிரியர் இடையிடையே தாமே விளக்குகிறார். அடித்தவனின் அச்சமும் மறையவில்லை. அவன்மீதுள்ள பகை அவனுடைய நண்பனையும் தாக்குகிறது.

எனினும் பெயர் நம்மைத் தடுத்து நிறுத்துகிறது. அரபியில் ‘ஹரம்’ என்னும் சொல்லுக்குள் விலக்கு என்னும் பொருள் உறைகின்றது. அவ்வெல்லைக்குள் சண்டையும் ஆகாது, வேட்டையும் ஆகாது. யூவுக்கோ, சண்டையும் வேட்டையும் நிகழும் தெருவே புனிதம்! ஏன்? அவனை ஒரு மனிதனாக மதித்த இடம் அதுவொன்றே.

பா. இரஞ்சித்தின் ‘சார்பட்டா பரம்பரை’ (2021) திரைப்படத்தை இங்கே ஒப்பிடலாம். அதன் நாயகன் கபிலனுக்கு ரங்கன் என்னும் வாத்தியார் இருந்தார். ஒரு பரம்பரை இருந்தது. சாராயத்தில் வீழ்ந்தபோதும் அவன் திரும்பிவர ஒரு களம் காத்திருந்தது. யூ தொடக்கத்தில் கற்றதோ ஆசான் இல்லாத வித்தை. அதற்கு எல்லை சொல்வார் அப்போது எவருமிலர்.

நூலின் குறையும் இங்கேதான். அடியின் கேட்டை உரைக்கும் ஆசிரியரே, அடியை அழகுறத் தீட்டி அடுத்த எதிரிக்காக நம்மை ஏங்க வைக்கிறார்.

ஆயினும் நூலைப் பழித்துப் பிள்ளையின் கையிலிருந்து பறிப்பது எளிது, அதனாற் பயனில்லை. தந்தை பிழைப்புக்காக அயலூரில் இருக்க, வீரசோழன் போன்ற வானம் பார்த்த சீமையில் வளரும் பிள்ளைக்கும் நிற்க ஓரிடம் வேண்டும். வீடும் பள்ளியும் அவ்விடத்தைத் தரவில்லையெனில், தெரு தரும்.